மாயக் கண்ணாடியும் மதிமயக்கமும்

தொழில்களை மதிப்பதிலே நம்மவரிடம் ஒரு விந்தையான வழக்கம் வேரூன்றிக் கிடக்கிறது. தெரியாத தொழில் ஒன்று முன்னே வந்து நின்றால், அது இன்னதென்று விசாரிப்பதற்கு முன்பே, ஒன்று இகழ்ந்து தள்ளிவிடுவார்கள். இல்லையேல் கைகூப்பி அதன் காலடியில் விழுந்துவிடுவார்கள். "இத்தொழிலைச் செய்கிறவன் நாள் முழுதும் என்ன செய்கிறான்? அதற்கு என்ன கல்வி வேண்டும்? கூலி என்ன? அவன் உழைப்பின் பயன் யாருக்குச் சேருகிறது?" என்னும் நான்கு கேள்விகளை நின்று நிதானித்துக் கேட்போர் மிகச் சிலரே.

மெய்நிகர்க் காட்சி, மிகைமெய்க் காட்சி என்று இக்காலத்தில் வழங்கப்படும் கணினித் தொழிலைப் பற்றி, உம்பாய் முதல் மெர்லிமாவ், ஜாசின், அலோர் காஜா வரையில் நம் மக்களிடையே நடைபெறும் பேச்சும் இவ்வாறே இருக்கிறது. ஒரு கூட்டத்தார், "கண்ணை மறைத்துக்கொண்டு காற்றிலே கையை வீசும் பைத்தியக்காரக் கூத்து இது, இதற்காகவா பால்மரம் சீவி உன்னைப் படிக்கவைத்தோம்?" என்று பிள்ளைகளை அதட்டுகிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "மூன்றே மாதப் பயிற்சி, கையிலே சான்றிதழ், வீட்டிலிருந்தபடியே ஆயிரக்கணக்கில் வெள்ளி" என்று ஆசை காட்டி அதே பிள்ளைகளை இழுக்கிறார்கள். இவ்விரு கூட்டத்தாரையும் நாம் மறுக்கிறோம். முன்னவர் பேச்சு அறியாமையிலிருந்து பிறக்கிறது. பின்னவர் பேச்சு அந்த அறியாமையை முதலாக வைத்து வாணிகம் நடத்துகிறது. ஆகவே முதலில் அறியாமையை நீக்குவோம்.

இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை. 1838ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் அறிஞர், நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களிலிருந்து காண்கின்றன என்பதையும், அவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக்கிக்கொள்வதால் ஆழம் தோன்றுகிறது என்பதையும் ஒரு கருவி செய்து மெய்ப்பித்துக் காட்டினார். 1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்டு என்பவர், தலை திரும்புந்தோறும் காட்சியும் திரும்பும்படியான கண்ணாடி ஒன்றைக் கணினியுடன் இணைத்தார். அது தலையால் தாங்கமுடியாத கனமாயிருந்தபடியால் கூரையிலிருந்து தொங்கவிட நேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் போயிங் விமானத் தொழிற்சாலையில், கம்பிகளைக் கோத்துப் பூட்டும் தொழிலாளியின் கண்ணெதிரே வழிகாட்டும் படம் தோன்றும்படி செய்யும் முயற்சி நடைபெற்றது. முழுவதும் கணினியால் கட்டப்பட்ட உலகத்துக்குள் ஆளை நிறுத்துவது மெய்நிகர்க் காட்சி. எதிரேயுள்ள உண்மை உலகின்மீதே படத்தையும் எழுத்தையும் படியவைப்பது மிகைமெய்க் காட்சி. இவ்வளவுதான் இதன் இரகசியம்.

இனி, இத்தொழிலாளி செய்வதென்ன என்று பார்ப்போம். கண்ணாடியை அணிந்தவர் தலையை அசைத்தவுடன், அதிலுள்ள உணர்கருவிகளும் சிறு படப்பெட்டிகளும் அவ்வசைவை அளந்து சொல்லுகின்றன. அந்த அளவைக் கொண்டு, வலக்கண்ணுக்கொன்றும் இடக்கண்ணுக்கொன்றுமாகப் புதிய படங்களை அந்தக் கணமே வரைந்தாக வேண்டும். நொடிக்கு 90 படம் காட்டும் கருவியில், ஒருமுறை வரைவதற்குக் கிடைக்கும் பொழுது ஏறக்குறைய 11 மில்லிநொடி. அதாவது ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கி, அவற்றில் பதினொரு கூறு. அதற்குள் வரைந்து முடியாவிட்டால் காட்சி தலைக்குப் பின்தங்கும். கண் ஒன்று சொல்ல, உடம்பின் நிலையை உணரும் உட்செவி வேறொன்று சொல்ல, அணிந்தவருக்குத் தலை சுற்றிக் குமட்டல் எடுக்கும். செய்தவன் கணக்கிலே தவறினால் பார்ப்பவன் உடம்பிலே அது தெரிந்துவிடும்.

பால்மரம் சீவிய நம் பெற்றோருக்கு இந்தக் கண்டிப்பு புதியதன்று. கத்தி ஆழமாகப் போனால் மரம் புண்படும். மேலாகப் போனால் மங்கில் பால் சொட்டாது. இரண்டுக்கும் நடுவேயுள்ள மயிரிழை அளவிலே அவர்களுடைய தேர்ச்சி இருந்தது. அந்தத் தேர்ச்சியைத் துரைமார் ஒருநாளும் கல்வியென்று ஒப்புக்கொண்டதில்லை; கூலி என்றே எழுதிவைத்தார்கள். மயிரிழை கவனத்தால் பிழைத்தவர்களின் மக்கள், மில்லிநொடி கவனத்தால் பிழைக்கும் தொழிலைப் "பொம்மை விளையாட்டு" என்று இகழ்வது, தங்கள் பெற்றோரைத் துரை இகழ்ந்த வாயினாலேயே தங்கள் பிள்ளைகளையும் இகழ்வதாகும்.

இத்தொழிலுக்கு வேண்டிய கல்வியோ விளையாட்டன்று. முக்கோணக் கணிதம் வேண்டும். அணிகளைப் பெருக்கும் கணக்கு வேண்டும். திருப்பங்களைக் குறிப்பதற்கு, 1843இல் ஹாமில்ட்டன் கண்டுபிடித்த குவாட்டர்னியன் என்னும் நாற்கூற்று எண்கள் வேண்டும். சி ஷார்ப், சி பிளஸ் பிளஸ் முதலிய நிரல்மொழிகள் வேண்டும். ஒளி எப்படி விழும், நிழல் எங்கே படியும் என்றறியும் ஓவியக் கண் வேண்டும். விமானம் ஓட்டப் பழகுவோருக்குத் தரையிலேயே பயிற்சிக் கூண்டு அமைப்பதும், மருத்துவ மாணவருக்கு அறுவைக் கலையைக் கற்பிப்பதும், உயரத்தைக் கண்டு அஞ்சுவோரின் அச்சத்தைச் சிறிது சிறிதாகப் போக்குவதும், தீப்பிடித்த கட்டடத்திலிருந்து வெளியேறும் வழியைத் தொழிலாளருக்குப் பழக்குவதும் இக்கலையின் பயன்களாயிருக்கின்றன. இவற்றைப் பொம்மை என்பவர்கள் நெருப்பையும் நோயையும் பொம்மையென்றே கூறவேண்டியிருக்கும்.

அப்படியிருந்தும் நம் பெற்றோர் தயங்குவதேன்? தோட்டத்து வாழ்க்கையில் அவர்கள் கண்ட தொழில்கள் இரண்டே. ஒன்று, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு வெயிலிலும் மழையிலும் உழைக்கும் வேலை. மற்றொன்று, மேசையின் முன்னமர்ந்து அப்பெயர்களை ஏட்டிலே பதியும் கிராணி வேலை. முதலாவதிலிருந்து தப்புவதற்கு இரண்டாவதே வழியென்று எண்ணினார்கள். அக்காலத்தில் அந்த எண்ணம் நியாயமானதே. ஆனால் தோட்டம் போயும், துரை போயும், கிராணிக் கனவு மட்டும் போகவில்லை. இன்றும் பிள்ளை ஒரு நாற்காலியில் அமர்ந்து பிறர் சொன்னதை எழுதினால் மகிழ்கிறோம். தானே ஒன்றைப் படைக்க விரும்பினால் பயப்படுகிறோம். மலாக்கா நகர்ப்புறத்தில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வளாகம் தொண்ணூறுகளிலேயே தோன்றிவிட்டது. டுரியான் துங்கல் பக்கத்தில், 2000ஆம் ஆண்டில் கல்லூரியாகத் தொடங்கி 2007இல் பெயர் மாறிய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிற்கிறது. இவை சந்திரமண்டலத்தில் இல்லை. நம் தோட்டத்துப் பாதையின் முனையிலேயே இருக்கின்றன. வாயிலில் வந்து நிற்கும் கல்வியை எட்டிப் பாராமல், "அது நமக்கு ஆகாது" என்று கதவைச் சாத்திக்கொள்வது அடக்கமாகுமா? அது அடிமைப் பழக்கத்தின் மிச்சமேயாகும்.

இவ்வளவு சொன்னதனால், ஆசை காட்டும் கூட்டத்தாருக்கு நாம் துணைபோவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். அவர்களைப் பற்றி நாம் கூறவேண்டியது இன்னும் கடுமையானது.

கங்காணி முறையை நம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஊரிலே வந்து, "மலாயாவிலே காசு மரத்தில் காய்க்கிறது" என்பான். முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்குவான். கப்பலேற்றிக் கொண்டுவந்து காட்டிலே விடுவான். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு வாங்கிக்கொள்வான். 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதைத் தடைசெய்தது. அந்தக் கங்காணி போய்விட்டான், கங்காணித்தனம் போகவில்லை. இன்று அது பயிற்சி வகுப்பு என்னும் பெயர்ப்பலகையைத் தொங்கவிட்டிருக்கிறது. வேலை கிடைக்குமா என்று எவரும் உறுதி கூறமாட்டார். கட்டணத்தை மட்டும் முன்னதாகவே பெற்றுக்கொள்வார். பிள்ளை கடன் வாங்கிப் படித்தால், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கடன் கடனே. ஆள்பிடிப்பவனுக்கோ பிடித்த அன்றே பலன்.

இத்தொழிலின் ஏற்ற இறக்கத்தை அவர்கள் சொல்லமாட்டார்கள், நாம் சொல்லுகிறோம். 2014இல் பேஸ்புக் நிறுவனம் ஆக்குலஸ் என்னும் கண்ணாடி நிறுவனத்தை ஏறக்குறைய 200 கோடி டாலருக்கு வாங்கியது. 2021 அக்டோபரில் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டு, இனி மக்கள் வாழ்வதே அந்த மாய உலகில்தான் என்று முழங்கியது. அடுத்த ஆண்டு நவம்பரிலே 11,000 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2023ஆம் ஆண்டில் மட்டும் அதன் இந்தப் பிரிவு அடைந்த நட்டம் 1,600 கோடி டாலருக்கு மேற்பட்டது. கூகிள் நிறுவனம் தன் கண்ணாடியின் விற்பனையை 2023இல் நிறுத்திற்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் தொழிற்சாலைகளுக்கென்று செய்துவந்த ஹோலோலென்ஸ் 2 கருவியின் உற்பத்தியை 2024இல் நிறுத்தியது. அதே 2024 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் 3,499 டாலர் விலையில் ஒரு கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுவந்தது. இந்த விலையை வெள்ளியாக்கிப் பார்த்தால், 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக்கப்பட்ட நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தில் பல மாதங்களை அது விழுங்கிவிடும். கோடீசுவரர்களின் ஆவலுக்கும் சலிப்புக்கும் ஏற்ப ஏறி இறங்கும் தொழில் இது. இதனை மறைத்துவிட்டு வகுப்புக்கு ஆள் சேர்ப்பவரைக் கங்காணி என்னாமல் வேறென்னென்பது?

கருவியை நம்பிப் படிப்பவனுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. இத்துறையில் மிகப் பலர் கையாளும் யூனிட்டி என்னும் மென்பொருளின் உரிமையாளர்கள், 2023 செப்டம்பரில், அதனால் செய்யப்பட்ட ஆட்டங்கள் நிறுவப்படுந்தோறும், வரம்பு கடந்தால், செய்தவர் கட்டணம் கட்டவேண்டுமென்று திடீரென்று அறிவித்தார்கள். உலகெங்கும் இத்தொழிலாளர் கொதித்தெழுந்தனர். ஓராண்டுக்குப் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. இது நமக்குப் புதிய பாடமா? லயத்து வீடு தோட்ட முதலாளிக்குச் சொந்தமாயிருந்தது. வேலை போன அன்றே வீடும் போயிற்று. பிறன் நிலத்தில் வீடு கட்டினவன் கதி அதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் சிறுசிறு தொகை சேர்த்துத் தோட்டங்களுக்கே உடைமையாளரானார்கள். அந்தப் பாடத்தை இத்தொழிலிலும் படிக்கவேண்டும். எவர்க்கும் வாடகை கட்டவேண்டாத பிளெண்டர், கோடோ போன்ற பொதுவுடைமை மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கற்றவன் கையிலே கருவி தன்னுடையது. அதற்கும் மேலாக, கணிதத்தையும் நிரலறிவையும் ஓவியத்தையும் கற்றவனுக்கு, இந்தக் கண்ணாடி மறைந்து வேறொரு கருவி வந்தாலும் பிழைப்புண்டு. ஒரு பொத்தானை எங்கே அழுத்துவதென்று மட்டும் கற்றவன், பொத்தான் இடம் மாறிய அன்று தெருவில் நிற்பான்.

கூலி விஷயத்திலும் கண் திறந்திருக்க வேண்டும். 2023 சனவரி முதல் நம் நாட்டு வேலைச் சட்டப்படி வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு, மிகைநேரக் கூலி பற்றிய பாதுகாப்பு அச்சட்டத்தில் இல்லை. ஆகவே சற்று நல்ல சம்பளம் பெறும் நிரலர், தவணை நெருங்கும் நாட்களில் இரவு பகலாக உழைத்தாலும் ஒரு காசும் கூடுதலாகக் கேட்கச் சட்டம் கைகொடுக்காது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால்தான் உண்டு. ஒப்பந்த வேலையென்று வெளியே வைத்துக்கொள்ளப்படுபவருக்கு முதலாளி கட்டும் சேமநிதியும் கிடையாது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையில் இருக்கும்போது செய்த படைப்பு, வேறு உடன்பாடு இல்லாவிடில், முதலாளியையே சேரும். இளைஞன் ஓராண்டு கண்விழித்துக் கட்டிய உலகம் அவன் பெயரின்றி விற்கப்படும். கையெழுத்துப் போடுமுன் இவற்றைப் படித்துப் பார்க்க நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கைநாட்டு வைத்த காலம் போய்விட்டதென்று பெருமைப்படுகிறோம். படியாமல் கையெழுத்திடுவதும் கைநாட்டுத்தானே!

"செயற்கை அறிவே எல்லாவற்றையும் எழுதிவிடும், இனி நிரலர் எதற்கு?" என்று கேட்போரும் உளர். எந்திரம் எழுதட்டும். எழுதியது சரியா, தவறா என்று பார்க்க அறிந்தவர் வேண்டாமா? அவ்வறிவு உள்ளவரே எந்திரத்தை ஏவுவார். இல்லாதவரை எந்திரம் ஏவும்.

நம் மொழியின் நிலையைச் சொன்னால் இத்தொழிலில் தமிழர் ஏன் இருக்கவேண்டும் என்பது விளங்கும். 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது. கணினியிலோ மெய்யெழுத்தே முதலில் பதிவாகிறது. கண்ணுக்குக் காட்டும்பொழுது அதனை முறைப்படி மாற்றிக் கோக்கும் நிரல் வேண்டும். மெய்நிகர் உலகங்களைக் கட்டும் சில கருவிகளில் இந்த ஏற்பாடு நெடுங்காலம் ஒழுங்காக இல்லை. ஆதலால் அக்கண்ணாடிக்குள் தமிழை இட்டால், கொம்பு இடம் மாறியும் கால் தனியே விழுந்தும், முடம்பட்ட எழுத்துக்களே தோன்றின. நம் இளைஞர் பலர், எழுத்தையே படமாக்கி ஒட்டியும், பழைய எழுத்துருக்களுக்கு மாற்றியும் சமாளிக்கவேண்டியதாயிற்று. 2023இல் வெளிவந்த கோடோ நான்காம் பதிப்பு போன்றவை இக்குறையைத் தீர்த்திருக்கின்றன. எழுத்தைக் கோக்கும் வழி உலகில் இருந்தும் அது நெடுநாள் சேர்க்கப்படாததற்குக் காரணம், வேண்டுமென்று வற்புறுத்துவோர் உள்ளே போதிய அளவில் இல்லாமையே.

உள்ளே ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு அஞ்சல் என்னும் மென்பொருளைச் செய்தார். அவருடைய எழுத்துருக்கள் பின்னர் ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளிலும் இடம்பெற்றன. இன்று உலகத் தமிழர் கைப்பேசியில் தடையின்றித் தமிழ் எழுதுவதிலே, இந்நாட்டுத் தமிழர் ஒருவரின் உழைப்பும் கலந்திருக்கிறது. "நம்மால் ஆகுமா?" என்பாருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். மலாக்கா நகரம் 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1511இல் போர்த்துகீசியர் புகுந்தது முதல் கோட்டை இடிக்கப்பட்டது வரை, அதன் கதையைக் கண்ணாடிக்குள் கட்டிக் காட்ட நாளைக்குப் பலர் வருவார்கள்; விருந்தினர் வருகையால் அதற்குப் பணமும் உண்டு. ஆனால் 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கிலே ரப்பர் பயிரிட்டது முதல், இம்மண்ணைப் பொன்னாக்கிய தோட்டத்தின் கதையை யார் கட்டுவார்? ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. லயங்கள் சரிகின்றன, புகைக்கூடங்கள் இடிகின்றன, பால் வாளி சுமந்த தோள்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்கின்றன. நாம் கட்டாவிடில், பிறர் கட்டுவார்கள். அவர்கள் கட்டும் தோட்டத்தில் பசும்புல் இருக்கும், பங்களா இருக்கும், வெள்ளுடை அணிந்த துரை இருப்பார். கள்ளுக்கடையும் கங்காணியின் பிரம்பும், சுவர் பங்கிட்ட லயத்து அறையில் ஒரு குடும்பம் முழுதும் படுத்துறங்கிய நெருக்கமும் இருக்கமாட்டா. அப்போது அது மெய்நிகர்க் காட்சியாகாது, மெய்மறைக் காட்சியாகும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஒரு கட்டடத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும், ஒன்றின்மேல் ஒன்று படியும்படி பலநூறு படங்கள் எடுத்தால், அவற்றைக் கொண்டு அதன் வடிவத்தைக் கணினி கணக்கிட்டுத் தந்துவிடும். கைப்பேசி இல்லாத வீடு இன்று இல்லை. ஒரு விடுமுறையில், பத்துப் பிள்ளைகள், மிஞ்சியிருக்கும் ஒரு லயத்தையும் ஒரு பெரட்டுக் களத்தையும் இவ்வாறு அளந்து, அங்கு வாழ்ந்த முதியோரின் குரலையும் பதிந்துவிட்டால், அதுவே அவர்களுக்குத் தொழிற்பயிற்சியாகும், நமக்கு வரலாறுமாகும். எந்தச் சான்றிதழையும்விட, இப்படிச் செய்து முடித்த ஒரு வேலையே நாளை வேலை தருவோர் முன்னே பேசும்.

ஆகவே நம் மக்களிடம் நாம் கேட்பவை சில. பெற்றோரே, உங்கள் பிள்ளை இத்தொழிலை விரும்பினால் அதட்டாதீர்கள். அவன் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறானா என்று பாருங்கள். திறக்கிறான் என்றால் துணை நில்லுங்கள். திறவாமல் கண்ணாடி மட்டும் கேட்டால், அவன் விரும்புவது தொழிலையன்று, விளையாட்டையே. பெண் பிள்ளை கேட்டாலும் இதுவே அளவுகோல். இது உடல்வலிமை கேட்கும் வேலையன்று. அவளைத் தடுக்க உங்கள் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் ஒன்றுமில்லை.

சங்கத்தாரே, ஆண்டுதோறும் விருந்துக்கும் மாலைக்கும் மேடைக்கும் செலவிடும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரு நல்ல கணினியையும் விலை குறைந்த கண்ணாடி ஒன்றையும் வாங்கிப் பொது நூலகத்தில் வையுங்கள். ஒருவர் வாங்க முடியாததை ஊர் சேர்ந்து வாங்கலாம். ஒப்பந்தத்தைப் படித்து விளக்கிச் சொல்ல, மாதத்தில் ஒரு மாலை, சட்டம் படித்தவர் ஒருவரை அங்கே உட்காரவையுங்கள்.

பயிற்சி வகுப்பு நடத்துவோரே, உங்களிடம் பயின்றவர் எத்தனை பேர், அவருள் இத்தொழிலிலே வேலை பெற்றவர் எத்தனை பேர் என்று விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். அச்சிட அஞ்சுவீர்களானால், அந்த அச்சமே நீங்கள் யாரென்று சொல்லிவிடும்.

இளைஞர்களே, உங்கள் பாட்டனார் பிறர் நிலத்திலே காட்டை அழித்துப் பிறருக்காகத் தோட்டம் போட்டார். நீங்களும் பிறர் கருவியிலே, பிறர் பெயரிலே, பிறருக்காக உலகங்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, கட்டிய வீட்டின் வாசலிலே கூலிக்கு நிற்கப்போகிறீர்களா? கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள், கருவியைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், தமிழைக் கொம்பும் காலும் பிசகாமல் உள்ளே கொண்டுபோங்கள். அதன்பின் எவர் இகழ்ந்தாலும், எவர் ஆசை காட்டினாலும், உங்களை அசைக்க முடியாது.